ஏசி மட்டும் பார்த்து வாங்கிய கார்

எந்தப் படத்தின் எந்தப் பாகத்தை முதலில் பார்ப்பது என்பதுவரை நண்பன் சலீம் என்னைத்தான் கேட்பான். உளுந்தூர்பேட்டையில் பழைய கார் வாங்கும்போதும் கேட்டான். கொளுத்தும் வெயிலில் ஏசியை மட்டும் போட்டுப் பார்த்துவிட்டு, "தாராளமா எடுடா" என்றேன்.

அந்தக் காரில் கல்வராயன் மலையிலிருந்து இறங்கும்போது சலீம் மெதுவாகச் சொன்னான்: "பிரேக்கு புடிக்கலடா."

பின்சீட்டில் அவன் மனைவியின் மடியில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. எதிரே வளைவு, அதற்கப்பால் வெறும் வானம். பக்கத்து சீட்டில் நான் டேஷ்போர்டைப் பிடித்துக்கொண்டேன். அவனே கியரைக் குறைத்து, மலைப்பக்கத்து மண்மேட்டில் காரை உரசவிட்டு நிறுத்தினான். குழந்தை வீறிட்டது. ஏசி மட்டும் ஜில்லென்று வந்துகொண்டிருந்தது.

வழக்கம்போல என்னைப் பார்த்தான். "இப்ப இன்னா பண்லாம், சொல்லு."

"தெரியலடா" என்றேன்.

அதை உளுந்தூர்பேட்டையிலேயே சொல்லியிருக்க வேண்டும்.