எதிர்ச்சரிவின் பாதிச் சொல்

மேல்மாடிப் பிள்ளை பரீட்சைக்குப் படிக்கிறது. ஒரு நீண்ட இங்கிலீஷ் சொல்லில் ‘டைகாட்டி’ வரை வந்து திக்கி நிற்கிறது. மறுபடியும் முதலிலிருந்து தொடங்குகிறது.

எனக்கோ சாமைக் கதிரின் பச்சை வாசனை வந்துவிட்டது. வெள்ளைக்காரன் காலம். துறையூர் விடுதியில் படித்த நான், காலாண்டு விடுமுறைக்கு மலைமேல் எங்கள் வளப்பூர் நாட்டுக்கு ஏறினால் சாமைக்காட்டுக் காவல் பரணில் உட்கார்ந்து கிளி ஓட்டுவதுதான் வேலை. பகலெல்லாம் பேச ஆள் கிடையாது. ஒருநாள், ‘லீ’யை அழுத்திச் சொல்லவில்லையென்று வகுப்பில் எனக்கு அடி வாங்கித் தந்த அந்தச் சொல்லையே கத்தினேன்: “டை-காட்-டி-லீ-ட-னஸ்!”

ஓடைக்கு அப்பால், எதிர்ச்சரிவில் காவலிருந்த பெண் குரல் கொடுத்தாள். “ஏனுங்க, அதென்ன மந்திரமுங்க?”

“கிரேக்கச் சொல்லுங்க! டைன்னா ரெண்டு, மிச்சம் கிண்ணம். அவரை முளைக்கறப்ப ரெண்டு கிண்ணமாட்டம் பருப்பு விரியுதில்லீங்க, அந்தச் சாதிச் செடிங்க!”

அன்றிலிருந்து நான் “டைகாட்டி” என்பேன். அவள் “லீடனஸ்” என்று முடிப்பாள். அந்த ‘லீ’யை ஓடை தாண்டும் மட்டும் இழுப்பாள். முகம் பார்த்ததில்லை. பெயரும் கேட்கவில்லை.

மறுவருஷமும் பரணேறிக் கத்தினேன். என் “டைகாட்டி”யே மலையில் மோதித் திரும்பி வந்தது.

“அந்தப் புள்ளயத் திருப்புலி நாட்டுல கட்டிக் குடுத்துட்டாங்க சாமி,” என்றாள் அம்மா.

மேலே மறுபடியும், “டைகாட்டி...”

சன்னலைத் திறந்து, “லீடனஸ்!” என்றேன், அவளைப் போலவே இழுத்து.

படிக்கும் சத்தம் நின்றது. பிறகு, மேலே சன்னலைச் சாத்தும் ஓசை.