அஃப்ஸர் ஜஹானின் தோட்டத்துக் கதவு

ஆம்பூரில் தோல் வாடை எட்டாத வீடு கிடையாது. அஃப்ஸர் ஜஹானின் வீட்டுக்கு அது சுவர் ஏறி நேராகவே வரும். தோட்டத்துச் சுவருக்கு அந்தப் பக்கம்தான் அவள் கணவர் வேலை பார்த்த தோல் கிடங்கு. சுவரில் ஒரு கதவு; அவர் போய் வருவது அதன் வழியாகத்தான்.

அவள் பிறந்தது ஒடுகத்தூரில். அப்பாவுக்குக் கடுக்காய், ஆவாரம்பட்டை வியாபாரம். வீட்டுக்குப் பின்னாலேயே காடு. நரியும் முள்ளம்பன்றியும் வாசலில் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போகும். கல்யாணமாகி ஆம்பூர் வந்ததும் கோஷா; வேற்று ஆண் கண்ணில் படக் கூடாது. தெருவில் கால் வைக்கத் திரை கட்டிய வண்டி வேண்டும். வண்டி கட்ட வேண்டுமென்றால் உறவில் யாருக்காவது கல்யாணம் நடக்க வேண்டும், இல்லை யாராவது மண்டையைப் போட வேண்டும். மற்ற நாளெல்லாம் அவளுக்கு இருந்தது பின்பக்கத் தோட்டம் மட்டும்தான். ஒரு கொய்யா, ஒரு மாதுளை, மருதாணிப் புதர், நாலைந்து கோழி. பிள்ளைகளும் அங்கேதான் ஓடியாடினார்கள்.

கணவர் ஜியாவுல்லா தோல் தரம் பிரிப்பவர். கண்ணை மூடிக்கொண்டு தடவியே ஆடு எந்த ஊரில் மேய்ந்தது என்று சொல்லிவிடுவார் என்று ஊரில் பேச்சு. அந்தப் பேச்சைக் கிளப்பியவரும் அவரே. கண் மங்கிக்கொண்டு வந்தது என்னவோ உண்மை. மூக்குக்கண்ணாடி மாட்டினால் கௌரவம் என்னாவது?

அந்த வருஷம் சீமைச் சீமாட்டிகளுக்கு உடும்புத் தோலில் கைப்பை வாங்கும் பித்துப் பிடித்திருந்தது. கிடங்கில் உடும்புத் தோல் வந்து குவிய, இடம் போதாமல் வீட்டுத் தோட்டத்துச் சுவர் மேலும் விரித்துக் காயப்போட்டார்கள். அதே சமயம் உயிருள்ள உடும்பு ஒன்றும் கோழி முட்டைக்காகத் தோட்டத்துக்கு வந்து போக ஆரம்பித்தது. தன் இனத்தார் சுவர் மேல் கிடப்பதைப் பற்றி அது கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. கடைசிப் பெண் சைரா இதை வாய் தவறி அப்பாவிடம் சொல்லிவிட்டாள்.

அவ்வளவுதான், ஜியாவுல்லா வீட்டை இரண்டாக்கிவிட்டார். வீட்டில் பேசுவது உருது; நமக்காகத் தமிழில்:

"இன்னிக்கு உடும்பு, நாளைக்கு நரி, அப்பால சிறுத்தை! கொழந்தைய தூக்கிட்டுப் போச்சுன்னா இன்னா பண்ணுவே?"

"அது முட்டை திங்க வருதுங்க. கொழந்தைங்க சத்தம் கேட்டாலே ஓடிடுது. யாரும் போய்த் தொடாம இருந்தா அது ஒண்ணும் பண்ணாது."

"உனக்கு தைரியம் ஜாஸ்தி. தச்சனுக்குச் சொல்லியாச்சு. நாளைக்கு வீட்டுல இருந்து தோட்டத்துக்குப் போற கதவுல பலகை அடிச்சு மூடிடுவான்."

அவளுக்கு ஒடுகத்தூர்க் காட்டில் வராத பயம் அந்தப் பலகையை நினைத்து வந்தது. இருந்த ஒரு துண்டு வானத்துக்கும் ஆணி அடிக்கப் போகிறாரே என்று ஆத்திரமாகவும் இருந்தது. அழுது பார்த்தாள். ஜியாவுல்லா மசியவில்லை.

மறுநாள் காலை, நல்ல பனி. தச்சன் இன்னும் வரவில்லை. மதராஸ் தரகர் கோதண்டராமனை அழைத்துக்கொண்டு ஜியாவுல்லா கிடங்குப் பக்கத்துக் கதவு வழியாகத் தோட்டத்துக்குள் வந்தார், சுவர் மேல் காயும் தோலைக் காட்ட. வேற்று ஆண் வந்தால் பெண்கள் உள்ளே போய்விட வேண்டும். குரல் வெளியே கேட்கக் கூடாது. வீட்டுச் சட்டம், போட்டவர் ஜியாவுல்லா. அஃப்ஸர் ஜஹான் பிள்ளைகளோடு கதவுக்குப் பின்னால் நின்று இடுக்கு வழியாகப் பார்த்தாள்.

சுவர் மேல் வரிசையாகத் தோல்கள். கடைசியில், இளவெயிலில் குளிர் காய்ந்துகொண்டு, பலகை மாதிரி தட்டையாகப் படுத்திருந்தது நம்முடைய உடும்பு.

"அம்மா, அது..." என்று சைரா ஆரம்பித்தாள். அம்மா அவள் வாயைப் பொத்தினாள். கத்தியிருக்க வேண்டும் என்று சொல்கிறவர்கள் இன்றும் உண்டு. அவர்கள் யாரும் கதவுக்குப் பின்னால் நின்றவர்கள் இல்லை.

ஜியாவுல்லா ஒவ்வொரு தோலாகத் தடவிக்கொண்டே வந்தார். கடைசியில் வந்து கண்ணை மூடினார். விரல் முதுகில் ஓடியது.

"அடடா! ஒரு கத்திவெட்டு கிடையாது, ஓட்டை கிடையாது. இன்னா மிருது! உயிரோட இருக்கிற மாதிரியே இருக்குது பாருங்க."

"வாலைக்கூட அறுக்கலையே சாயபு?" என்றார் கோதண்டராமன்.

"அதுதான் நம்ம கைவேலை" என்று ஜியாவுல்லா வாலைப் பிடித்துச் சுண்டி இழுத்தார்.

குளிரில் விறைத்துக் கிடந்த உடும்புக்கும் ஒரு பொறுமை உண்டு. வாலை உருவிக்கொண்டு ஒரு வீசு வீசியது. ஜியாவுல்லாவின் துருக்கித் தொப்பி கோழிக்கூண்டில் போய் விழுந்தது. சாயபுவின் கன்னத்தில் ஒரு கோடு, புறங்கையில் நகக்கீறல். கோதண்டராமன் துணி துவைக்கும் கல்லின் மேல் ஏறி நின்றார். அவ்வளவு பெரிய உடம்பு அங்கே எப்படிப் போனது என்பது அவருக்கே தெரியாது. உடும்பு தோட்டத்துக்குள் குதித்து வீட்டுக் கதவை நோக்கி ஓடிவந்தது. கதவிடுக்கில் சைரா "ஷ்ஷூ" என்று கையைத் தட்டினாள். அவ்வளவு பெரிய உடும்பு அந்தச் சின்னக் கைத்தட்டலுக்கு மிரண்டு திரும்பி, மருதாணிப் புதர் வழியாக மறைந்தது.

தரகர் கிளம்பிப் போனபின் கன்னத்துக்கு மஞ்சள் பற்றுப் போட்டுவிட்டாள் மனைவி.

"நீ பாத்துட்டுத்தானே இருந்தே? ஒரு குரல் குடுக்கக் கூடாது?"

"வெளி ஆம்பளை இருந்தாரே. நீங்கதானே கொடுக்கக் கூடாதுன்னீங்க."

அந்த நேரம் பார்த்துத் தச்சன் வாசலில் குரல் கொடுத்தான், எந்தக் கதவு என்று கேட்டு.

ஜியாவுல்லா மனைவியைப் பார்த்தார். அவள் நிதானமாகச் சொன்னாள்: "தோட்டத்துல இருந்து கிடங்குக்குப் போகுதே, அந்தக் கதவை அடிக்கச் சொல்லுங்க. இத்தனை நாள்ல அந்த உடும்பு கொழந்தைங்க யாரையும் ஒண்ணும் பண்ணல. அந்தப் பக்கமா வர்றவங்களுக்குத்தான் ஆபத்தா இருக்குது."

பகல் சாப்பாட்டுக்குள் தச்சன் வேலையை முடித்துவிட்டான். அன்று சாயங்காலம் வீட்டுக்கு வர ஜியாவுல்லா தெருவைச் சுற்றித்தான் வந்தார்.