எரியாத பல்பு

நேற்று மெயின் பஜாரில் ஸ்பீக்கர் வாங்கப் போனேன். கடைக்காரர் கைபேசியில் எதையோ தட்டினார். ஸ்பீக்கரிலிருந்து ஏற்ற இறக்கமே இல்லாமல் 'ஊம்ம்' என்று ஒரு ஒலி. "செக் பண்றேன் சார்" என்றார். நான் மேசைக்கு அடியில் ஒரு தடவை குனிந்து பார்த்துக்கொண்டேன். அந்த ஒலி அவ்வளவு சுலபமாக வந்தால் எனக்குச் சந்தேகம் வரத்தான் செய்யும்.

அந்த ஒலிக்காகச் சால்டரிங் இரும்பில் விரல் சுட்டுக்கொண்டவன் நான். ஈயப் புகை வாசம் சட்டையைவிட்டுப் போகாத நாட்கள் அவை. டிப்ளமோ முடித்துவிட்டு அப்ரண்டிஸ் அழைப்புக்குக் காத்திருந்தேன். முத்தாண்டிக்குப்பம் போகிற வழியில், வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் எங்கள் தெரு, அந்தப் பக்கம் ஊர்த்தெரு. அப்பா நிலக்கரிச் சுரங்கத்தில் கான்ட்ராக்ட் தொழிலாளி. வீட்டில் முதலில் படித்தவன் என்பதால், நான் எதைப் பிரித்துப் போட்டாலும் அம்மாவுக்கு அது படிப்புதான்.

அப்போது நானே ஒரு சோதனைக் கருவி செய்தேன்: அலுமினிய டிபன் பாக்ஸுக்குள் ஒரு ஐ.சி. சில்லு, இரண்டு பேட்டரி, ஒரு குமிழ். அதிலிருந்து வரும் ஒலியைப் பழுதான ஆம்ப்ளிஃபயருக்குள் விட்டு ஒவ்வொரு கட்டமாகத் தொட்டுக்கொண்டே போனால், எங்கே சாகிறதோ அங்கே கோளாறு. ஒலி சீராக நிற்க உள்ளே ஒரு குட்டி பல்பு வேண்டும். மின்சாரம் கூடினால் அதன் இழை சூடாகித் தடுக்கும், குறைந்தால் விட்டுக்கொடுக்கும். ஆனால் எரியாது. குள்ளஞ்சாவடி பழைய சாமான் கடையில் சீரியல் செட் பல்பு ஒன்றைப் பொறுக்கி வந்து மாட்டினேன். வினை அதில்தான்.

முதலில் ஆம்ப்ளிஃபயர் பெட்டி கொண்டுவந்தவர் ஊர்த்தெரு மைக்செட்காரர் தனபால். நான் நல்ல உதிரியைக் கழற்றி மட்டமானதை மாட்டிவிடுவேன் என்று பயந்து, ஒவ்வொரு டிரான்சிஸ்டர் தலையிலும் மனைவியின் நெயில் பாலிஷால் பொட்டு வைத்திருந்தார். மெக்கானிக்குகளின் பெயர் அப்படி, நான் கோபித்துக்கொள்ளவில்லை. வாசலில் ஸ்டூலை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தார். அம்மா வைத்த தண்ணீர்ச் சொம்பை அவர் தொடவில்லை.

டிபன் பாக்ஸைத் திறந்ததும் அவர் கண் பல்பில் நின்றது.

"இது எங்க சீரியல் பல்பாச்சே."

"கடையில வாங்கனதுங்க."

"உங்க தெருவுக்குக் கட்டனப்பதான் நாலு பல்பு காணாம போச்சி. எரியவும் இல்ல, அப்புறம் எதுக்கு வெச்சிகினு இருக்க?"

எரியக்கூடாது என்று, ஒலியை ஓடவிட்டே விளக்கினேன். விளக்க விளக்க அவர் முகம் இறுகியது. இவர் வெளியே போய் 'திருடன்' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், சுற்றுவட்டாரத்தில் ஒருவரும் எனக்குப் பெட்டி தரமாட்டார்கள்.

அவரே பல்பைப் பிடுங்கினார். ஒலி நின்றது. செருகினார், லேசாகத் தள்ளாடி நிலைத்தது. மறுபடி பிடுங்கினார்.

"ரிமோட்டு எதனா வெச்சிருக்கியா?" என்று என் கைகளைப் பார்த்தார்.

உள்ளிருந்து அம்மா சொன்னாள்: "எதிர்லயே குந்திகினு பாத்துகினுதான இருக்கீங்க. மொதல்ல பொட்டி பாடுதான்னு பாருங்க."

ஒலியை அவர் பெட்டிக்குள் விட்டுத் தொட்டுக்கொண்டே போனேன், மூன்றாவது கட்டத்தில் செத்தது. அங்கிருந்த கெபாசிட்டரை மாற்றினேன், அவர் கொண்டுவந்த கூம்பு ஸ்பீக்கர் தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி அலறியது. அவர் பொட்டுகளை ஒவ்வொன்றாகச் சரிபார்த்துவிட்டு எழுந்தார்.

"வேல தெரிஞ்ச புள்ளதான். ஆனா பல்பு எங்களுதுதான்."

இரண்டையும் ஊர் முழுக்கச் சொல்லியிருக்கிறார். பெட்டிகள் வந்தன. ஒவ்வொரு பெட்டியோடும் ஸ்டூலில் உட்கார ஒரு ஆளும் வந்தார்.

பிறகு சுரங்கம் எங்கள் பக்கம் நகர்ந்து வந்து இரண்டு தெருவையும் எடுத்துக்கொண்டது. அவருக்கு ஒரு திசையில் மாற்று மனை, எங்களுக்கு வேறு திசையில். போன மாதம் சுரங்க விளிம்பில் நின்று பார்த்தேன். ஊர்த்தெரு, எங்கள் தெரு, நடுவில் ஓடிய வாய்க்கால் எல்லாம் ஒரே பள்ளம். எது எங்கே முடிந்து எது தொடங்கியது என்று தேடினேன், பிடிபடவில்லை.