ஆறாவது மீனின் வால்

வளர்ப்புமீன் கடைக்காரரின் அக்காவைக் கடைத்தெருவே 'கண்ணாடியக்கா' என்றுதான் கூப்பிடும். மூக்குக் கண்ணாடி போட்டதால் வந்த பெயர் அல்ல. பதினேழு வருடம் நான்கு மாதமாகக் கண்ணாடித் தொட்டிக்கு முன்னால் ஒரே முக்காலியில் உட்கார்ந்திருப்பதால் வந்தது.

தம்பி விற்பார், அக்கா இனம் பிரிப்பார். மொத்த வியாபாரி பாசித்தின்னி மீன்களை எல்லாம் ஒரே பையில் போட்டு ஒரே பெயரில் அனுப்பிவிடுவார். விரல் நீளம், பழுப்பு உடம்பு, பக்கவாட்டில் ஒரு கறுப்புக்கோடு. பார்த்தால் ஒரு வயிற்றுப் பிள்ளைகள் போலத்தான் இருக்கும். அசலுக்குக் கோடு வாலின் விளிம்புவரை ஓடும். போலிக்கு வால் தொடங்கும் இடத்தில் நின்றுவிடும். மூன்றாவது ஒன்று உண்டு. அதற்கு வாய் உறிஞ்சி போல இருக்கும். குட்டியில் பரம சாது. வளர்ந்தபின் கூட இருக்கும் மீன்களின் உடம்பில் ஒட்டிக்கொண்டு மேல்தோலின் வழுவழுப்பை உறிஞ்சும்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தரைக்குப் பல் டாக்டர் வந்தார்.

"ஏற்கெனவே ஒரு கடைல அஞ்சு வாங்கினேன். அதுல ஒண்ணு வளந்து என் டிஸ்கஸ் மீன் ரெண்டைக் கொன்னுடுச்சு. மிச்சம் ஒண்ணுதான், எட்டு வயசு. தொட்டி பூரா கறுப்புத் தாடி மாதிரி பாசி. ஆறு மீன் வேணும். தப்பா ஒண்ணு போனாலும் அதையும் இழந்துடுவேன்."

அன்று காலை இறங்கிய பையில் பன்னிரண்டு மீன்கள் இருந்தன. தம்பி வலையை எடுத்தார்.

"வலைய வை," என்றார் அக்கா. "இப்பதான் வந்திருக்கு. பயந்த மீனுக்குக் கோடு வெளுத்துடும்."

தொழிலுக்கு வந்த புதிதில் இது தெரியாமல் நாற்பது நல்ல மீன்களைப் போலி என்று திருப்பி அனுப்பியவர் அவர். மீன்களைத் தொட்டியில் விட்டு, கறுப்புப் பாசி படர்ந்த கல் ஒன்றையும் வைத்து, சாக்கால் மூடினார்.

"என்னக்கா, ஆபரேஷனா?" என்றார் தம்பி.

"ஆமா. நீ வாசல்ல போய் உக்காரு. கூப்பிடுறேன்."

டாக்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நாற்பது நிமிடம் கழித்துச் சாக்கை விலக்கினார்கள். கோடுகள் மை போட்டது போலத் தெளிந்திருந்தன. அக்கா விறுவிறுவென்று ஐந்தை எடுத்துத் தனியே விட்டார்.

"ஆறு கேட்டேனே?"

"அஞ்சுதான் இருக்கு. மத்ததுக்கெல்லாம் கோடு வால்ல இல்ல."

"அந்த ஓரத்துல இருக்கறது?" தம்பி விடவில்லை. "அதுவும் கறுப்பாத்தானே இருக்கு. குடுத்துடலாம்."

"கறுப்பா இருந்தா காக்கா கூடத்தான் கறுப்பு. கோடு பாதியிலயே நிக்குது பாரு."

டாக்டர் கல்லைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அக்கா, அது என்ன பண்ணுது?"

அந்த மீன் கல்லில் இருந்த கறுப்புத் தாடியைக் கொத்திக் கொத்தித் தின்றுகொண்டிருந்தது. அசலைத் தவிர வேறெதுவும் அந்தப் பாசியைச் சீண்டாது. அக்கா முக்காலியை இழுத்துப் போட்டுக் கண்ணாடியில் மூக்கு படக் குனிந்தார். கோடு பாதியில் நிற்கவில்லை. வால்தான் பாதி இல்லை. பையில் வரும்போது எதுவோ கடித்திருந்தது. மிச்சமிருந்த வாலின் ஓரம்வரை கறுப்பு தெளிவாக ஓடியது.

"நான் சொன்னது தப்பு," என்றார், விலைப்பட்டியல் படிக்கும் குரலில். "இதுவும் அசல்தான்."

தம்பியின் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். "கேட்டுக்கிட்டீங்களா டாக்டர்? நானும் கண்டுபிடிச்சுட்டேன்." கவரில் தண்ணீர் பிடிக்கப் போனார்.

"இரு. இது போகாது."

"இப்பதான அசல்னு சொன்ன?"

"அசல்தான். வால்ல புண்ணு இருக்கு. புண்ணோட ஒரு மீன அந்த எட்டு வயசுகிட்ட நான் அனுப்பமாட்டேன். ஆறுனதும் தரேன்."

டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தார், தொட்டியைப் பார்த்தார். பிறகு ஐந்தை மட்டும் வாங்கிக்கொண்டு, "இத வேற யாருக்கும் குடுத்துடாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பன்னிரண்டாம் நாள், பாசி பாதி குறைந்துவிட்டது, டிஸ்கஸ் நன்றாகச் சாப்பிடுகிறது என்ற சேதியோடு வந்து ஆறாவதையும் கொண்டுபோனார்.