உமிழ்நீர்ப் பாடம்

எச்சில் என்ற சொல்லை என் வகுப்பில் யாரும் பயன்படுத்தக் கூடாது என்று ஒரு காலத்தில் விதி வைத்திருந்தேன். உமிழ்நீர் என்றுதான் சொல்ல வேண்டும். தவறிச் சொன்னவன் ஒரு பாடவேளை முழுவதும் நிற்க வேண்டும்.

அறுபதுகளின் தொடக்கத்தில், சிராங்கூன் சாலைக்குப் பின்னால் இருந்த ஒரு தமிழ்ப் பள்ளியில் உயர்நிலை வகுப்புகளைப் புதிதாகத் தொடங்கியிருந்தார்கள். தமிழ்நாட்டில் விலங்கியல் படித்துவிட்டுக் கப்பலேறி வந்த என்னை அறிவியல் ஆசிரியராக எடுத்தார்கள். வேலை நிரந்தரமில்லை, சோதனைக் காலம் என்றார்கள். சோதனை செய்து காட்டத்தானே வந்திருக்கிறேன் என்று நண்பர்களிடம் சிலேடை பேசினேன். டன்லப் தெருவில், ஒரு மளிகைக் கடையின் மாடியறையில் மூன்று பேரோடு தங்கியிருந்தேன். 'சயன்ஸ் சார்' என்று தெருவில் பையன்கள் கூப்பிடும்போது எனக்குக் கொஞ்சம் உயரம் கூடிவிடும்.

ஆய்வுக்கூடம் என்பது பழைய சாமான் அறை. இரண்டு நீள மேசை, ஒரு தண்ணீர்க் குழாய், நான்கைந்து ஸ்பிரிட் விளக்கு. ஜன்னலைத் திறந்தால் சாலைக் காற்றில் விளக்கு அணைந்துவிடும். அதனால் செய்முறை வகுப்பு என்றாலே ஜன்னல்களை எல்லாம் சாத்திவிடுவேன். வெயில் நேரத்தில் முப்பது பையன்களும் நானும் அதற்குள் வெந்துகொண்டிருப்போம்.

எனக்கு அப்போது இருமல் இருந்தது. சாயங்காலமானால் உடம்பு லேசாகச் சுடும். கால்சட்டை இடுப்பில் நிற்காமல் பெல்ட்டில் புதிதாகத் துளை போட்டேன். ஒருநாள் கைக்குட்டையில் நூல்போல ரத்தம் இருந்தது. வெற்றிலைச் சாறு என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். நான் வெற்றிலை போடுகிறவன் அல்லன்.

பெரியவர்களுக்கெல்லாம் படம் பிடிக்க எக்ஸ்ரே வண்டி ஒன்று பள்ளித் திடலுக்கு வந்தது. ஆசிரியர்கள் சட்டையைக் கழற்றிவிட்டு, கேலி பேசிக்கொண்டு வரிசையில் நின்றார்கள். அயோடின் தீர்ந்துவிட்டது, வாங்கி வருகிறேன் என்று தலைமையாசிரியரிடம் சொல்லிவிட்டு நான் வெளியே போனேன். அயோடின் அலமாரியில் இரண்டு புட்டி இருந்தது. நெஞ்சில் கறை தெரிந்தால் வேலை போகும், அறையிலிருந்தும் கிளப்பிவிடுவார்கள், அடுத்த கப்பலில் ஊர் திரும்ப வேண்டும். இதுதான் என் கணக்கு. விலங்கியல் படித்தவன் நான். அந்த இருமல் என்ன என்பது எனக்குத் தெரியாமல் இல்லை.

அடுத்த வாரம் உமிழ்நீர்ப் பாடம். மாவுச்சத்தில் அயோடின் விட்டால் கருநீலமாகும். அதே மாவுச்சத்தோடு உமிழ்நீரைச் சேர்த்து, வெதுவெதுப்பான நீரில் வைத்திருந்துவிட்டு அயோடினை விட்டால் நீலம் வராது. உமிழ்நீர் மாவைச் சர்க்கரையாக மாற்றியிருக்கும். பக்கத்தில் உமிழ்நீருக்குப் பதில் வெறும் தண்ணீர் விட்ட குழாய் ஒன்றும் இருக்க வேண்டும். அதையும் பார்த்த பிறகே முடிவு சொல்ல வேண்டும் என்று ஒவ்வொரு வகுப்பிலும் அடித்துச் சொல்வேன். எளிய சோதனை. மாவுச்சத்துக்குச் சோற்றுக் கஞ்சியே போதும்.

கஞ்சியைக் கொண்டு வந்தவன் பஃபலோ ரோட்டிலிருந்து வந்த ஒரு பையன். பதினைந்து வயதிருக்கும். அப்பா இல்லை. அம்மா வீட்டு முன்கூடத்தில் தனி ஆட்களுக்கு மெஸ் நடத்தினார். வகுப்பில் அதிகம் கேள்வி கேட்கிறவன் அவன்தான். சில கேள்விகளுக்கு எனக்குப் பதில் தெரியாது. அதனால் அவனை எனக்குப் பிடிக்கும், கொஞ்சம் பிடிக்காமலும் இருக்கும்.

யார் உமிழ்நீர் கொடுப்பது என்று பையன்கள் நெளிந்தார்கள். நானே வாயைக் கொப்பளித்துவிட்டு ஒரு கண்ணாடிக் குவளையில் உமிழ்ந்து மேசைமேல் வைத்தேன். அதிலிருந்து அளந்து எடுக்க ஒரே ஒரு பிப்பெட், அளவுக் கோடு போட்ட கண்ணாடிக் குழல், இருந்தது. வாயால் உறிஞ்சி, கோட்டுக்கு வந்ததும் விரலால் மூட வேண்டும். ஒவ்வொரு குழுவாக உறிஞ்சி எடுத்தார்கள். அவன் முறை வந்தது.

"நான் பாத்து எழுதிக்கிறேன் சார். இவன் உறிஞ்சட்டும்."

"ஏன், உனக்கு என்ன?"

"வீட்ல சொல்லியிருக்காங்க சார். அடுத்தவங்க எச்சில் வாயில படக் கூடாதுன்னு."

"என்ன சொன்னே?"

"உமிழ்நீர் சார்."

வகுப்பு சிரித்தது. எனக்குச் சுருக்கென்றது. மேசைமேல் இருந்தது என்னுடைய உமிழ்நீர்.

"உங்க வீட்ல ரொம்ப ஆசாரமோ? கடல் தாண்டி வந்தப்பவே ஆசாரமெல்லாம் கரைஞ்சு போச்சுடா. சயன்ஸ்ல எச்சில்னு ஒண்ணு கிடையாது. வாயில வை."

"குரு எச்சில் பிரசாதம்டா, குடி லா!" என்று பின்னாலிருந்து ஒருவன் கத்தினான். அவனை நான் நிற்க வைக்கவில்லை.

பையன் என் முகத்தைப் பார்த்தான். எதையோ சொல்ல வாயெடுத்து, சுற்றியிருந்தவர்களைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டான். பிப்பெட்டை வாயில் வைத்தான். பயத்தில் வேகமாக உறிஞ்சிவிட்டான். கோட்டைத் தாண்டி வாய்க்குள் போய்விட்டது. துப்பவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் உதட்டை இறுக்கிக்கொண்டு நின்றான். போ என்று நான் தலையசைத்த பிறகே குழாய்க்கு ஓடினான். கொப்பளித்தான், கொப்பளித்துக்கொண்டே இருந்தான்.

"டேய், தண்ணி பில்லு உங்க மெஸ்ஸுக்கு வரும்டா!"

நானும் சிரித்தேன். சிரிப்பில் இருமல் வந்து மேசையைப் பிடித்துக்கொண்டேன். ஜன்னல்கள் சாத்தியிருந்தன.

பல மாதங்கள் கழித்து அவன் பள்ளிக்கு வருவது நின்றது. காசநோய் ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள் என்று தலைமையாசிரியர் சொன்னார். அந்த வகுப்புப் பையன்களையும் அவர்களுக்குப் பாடம் எடுத்த ஆசிரியர்களையும் படம் பிடிக்க அனுப்பினார்கள். இந்த முறை அயோடின் வாங்கப் போக முடியவில்லை. பையன்கள் எல்லோரும் தப்பித்தார்கள். நான் அகப்பட்டேன்.

தலைமையாசிரியர் என் தோளைத் தொட்டார். தொட்ட கையை உடனே எடுத்துக்கொண்டாலும் தொட்டார். "பாவம் சார் நீங்க. ஒரு பையனுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கப் போய் அவன்கிட்டேர்ந்து வாங்கிட்டு வந்துட்டீங்களே. வேலையைப் பத்திக் கவலைப்படாதீங்க. மேலிடத்துல நான் பேசுறேன்." நான் வாய் திறக்கவில்லை. யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்பதில் அதுவரை நான் பொய் சொல்லவில்லை என்று வேண்டுமானால் வாதிடலாம்.

ஆஸ்பத்திரி மருத்துவர் யாழ்ப்பாணத்துக்காரர். என் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"எத்தினை மாசமா இருமுறியள், மாஸ்டர்?"

"கொஞ்ச நாளாத்தான்."

"இந்த ஓட்டை கொஞ்ச நாளில வாறதில்லை. ஒரு வருஷத்துக்குக் கிட்ட இருக்கும்."

நான் பிப்பெட்டைப் பற்றி அவரிடம் சொன்னேன். அவருக்கு மட்டும்தான் சொன்னேன். அவர் தலையை ஆட்டினார். "எச்சிலால வாறது வலு குறைவு. இருமல்தான் பொல்லாதது. படிப்பிக்கிற அறை பூட்டின அறையோ?"

"ஆமாம்."

"அந்தப் பெடியனுக்குத் தகப்பனாலயும் வந்திருக்கலாம். தகப்பன் இங்கதான் செத்தவர். எது எண்டு ஒருத்தராலயும் சொல்ல ஏலாது."

அப்போதுதான் தெரிந்தது. எச்சில் படக் கூடாது என்று அவன் வீட்டில் சொன்னது ஆசாரம் இல்லை.

ஆண்கள் வார்டில் அவனுக்கு எதிர்வரிசையில் எனக்குக் கட்டில். ஊசி, கசப்பு மாத்திரை, மறுபடி ஊசி. ஒவ்வொருவர் தலைமாட்டிலும் மூடி போட்ட ஒரு குவளை. இருமி வருவதை அதில்தான் துப்ப வேண்டும். என்னைப் பார்த்த முதல்நாள் அவன் எழுந்து உட்கார்ந்து தன் குவளையைக் காட்டினான்.

"சார், இதுவும் உமிழ்நீர்தானா? இல்ல இதுக்கு வேற தமிழ் இருக்கா?"

"கோழை."

"ச்சே. அது நல்லால்ல சார். புதுசா ஒண்ணு கண்டுபிடிங்க. நமக்குத்தான் இங்க நேரம் இருக்கே."

அவன் உடம்பில் மருந்து பிடிக்கவில்லை. என் உடம்பில் பிடித்தது. எனக்கு எடை கூடியது. அவன் கழுத்தெலும்பு நாளுக்கு நாள் வெளியே வந்தது. ஒரு மத்தியானம் பேச்சோடு பேச்சாகச் சொன்னான்.

"எங்கப்பாவுக்கு டாக்டர்தான் சார் சொன்னாரு, தட்டு, டம்ளர்லாம் தனியா வைங்கன்னு. யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு அம்மா சத்தியம் வாங்கிட்டாங்க. தெரிஞ்சா மெஸ்ஸுக்கு எவன் வருவான்? அதான் அன்னிக்கு கிளாஸ்ல சொல்ல முடியல."

"சரி, விடு."

"விட முடியல சார். யோசிச்சுப் பாத்துட்டேன். எனக்கு அப்பாகிட்டேர்ந்து வந்திருக்கு. எனக்குத் தெரியாமலே உள்ள இருந்திருக்கு. அன்னிக்கு அந்த பிப்பெட்டை நான் வாயில வச்சேன்ல, அப்புறம் நீங்க கழுவி, வாயில வச்சு வேற கிளாஸுக்குச் செஞ்சு காட்டினீங்க. நான்தான் சார் உங்களுக்குக் குடுத்தது."

நான் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஆனா தண்ணி விட்ட குழாயையும் பாக்கணும்ல சார்? நீங்கதான சொல்வீங்க. அதுக்கு முன்னாடி உங்களுக்கு இருமல் இருந்துச்சா? இருந்த மாதிரி எனக்கு ஞாபகம். அதான் கேக்குறேன்."

அவன் கண் என்மேலேயே இருந்தது. சரியான கேள்வி. நான் சொல்லிக் கொடுத்த முறைப்படியே கேட்டான். பதில் என் ஒருவனிடம்தான் இருந்தது. வேலையைக் காப்பாற்றும் கடிதத்தைத் தலைமையாசிரியர் அந்த வாரம்தான் மேலிடத்துக்கு அனுப்பியிருந்தார்.

"இல்லை," என்றேன்.

"அப்பச் சரிதான் சார்," என்றான். படுத்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். அதன்பிறகு அவன் என்னைக் கிண்டல் செய்யவில்லை. மரியாதையாக நடந்துகொண்டான். எனக்கு எதிரே இருமுவதற்குக்கூடக் கூச்சப்பட்டு, துண்டை வாயில் அடைத்துக்கொள்வான்.

அவன் அம்மா பார்வையாளர் நேரம் தவறாமல் அடுக்குச் சட்டியோடு வருவார். முதலில் ஒருவருக்குக் கொண்டு வந்தவர், பிறகு எனக்கும் சேர்த்துக் கொண்டு வந்தார். மெஸ்ஸில் சாப்பிட்டவர்கள் செய்தி கேட்டு ஒவ்வொருவராக நின்றுவிட்டிருந்தார்கள்.

"இப்ப சமைக்கிறதே ரெண்டு பேருக்குத்தான் சார். நீங்க வேணாம்னா அப்புறம் நான் எதுக்கு அடுப்பைப் பத்த வைக்கணும்?" ஒருமுறை கையைக் கூப்பினார். "எங்க வீட்டு நோவு உங்களுக்கும் ஒட்டிக்கிச்சே. படிச்ச புள்ள, உங்க அம்மாவுக்கு நான் என்ன பதில் சொல்வேன்?"

மீன் குழம்பு. சோறு சூடாக இருந்தது. நான் சாப்பிட்டேன். ஒவ்வொரு முறையும் சாப்பிட்டேன்.

ஒருநாள் காலை, செவிலியர் தேநீர் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்த நேரத்தில், அவன் இருமத் தொடங்கி நிற்கவில்லை. குவளை போதவில்லை. திரை இழுத்தார்கள். அவன் அம்மாவுக்கு ஆள் அனுப்பினார்கள். ஆள் ஒரு வழியாகப் போக, அவர் இன்னொரு வழியாக வந்துவிட்டார், வழக்கமான நேரத்துக்கு, அடுக்குச் சட்டியோடு. கட்டிலில் மெத்தையைக்கூட எடுத்துவிட்டிருந்தார்கள். செவிலியர் அவரை வெளியே கூட்டிக்கொண்டு போனார். வெகுநேரம் கழித்து அந்த அம்மா திரும்பி வந்தார். முகத்தைக் கழுவியிருந்தார். என் கட்டிலருகே ஸ்டூலில் உட்கார்ந்து அடுக்குச் சட்டியைத் திறந்தார்.

"ஆறிடும் சார், சாப்பிடுங்க."

நான் தட்டைக் கையில் வாங்கிக்கொண்டேன்.

"கடைசி வரைக்கும் அதையேதான் சொல்லிக்கிட்டு இருந்தான். சாருக்கு நான் குடுத்துட்டேம்மா, சாருக்கு நான் குடுத்துட்டேம்மான்னு. அந்த நெனப்போடயே போயிட்டான். நீங்க வாயால ஒரு வார்த்தை சொல்லுங்க சார். அவன மன்னிச்சிட்டேன்னு."

வார்டில் எல்லோரும் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மருத்துவர் வேறொரு கட்டிலில் குனிந்திருந்தார், அவரும் நிமிர்ந்தார்.

"மன்னிச்சிட்டேம்மா," என்றேன்.

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மீதமிருந்த குழம்பை என் சோற்றில் ஊற்றினார். மருத்துவர் மறுபடி அந்தக் கட்டிலில் குனிந்துகொண்டார். அன்றிலிருந்து நான் அந்த ஆஸ்பத்திரியை விட்டு வரும்வரை என்னை அவர் மாஸ்டர் என்று கூப்பிடவில்லை.

குணமாகிப் பள்ளிக்குத் திரும்பினேன். வேலை நிரந்தரமானது. ஓய்வு பெறும்வரை ஆண்டுதோறும் அந்தப் பாடத்தை எடுத்தேன். ஜன்னல்களைத் திறந்து வைத்தேன், விளக்கு அணைந்தால் மறுபடி ஏற்றிக்கொண்டேன். ஆளுக்கொரு குழாய், அவரவர் உமிழ்நீர்; பிப்பெட் கிடையாது, சொட்டுக் கணக்குதான். ஏன் சார் என்று கேட்டவர்களிடம் "எச்சில்டா" என்றேன். சயன்ஸ் வாத்தியார் எச்சில் பார்க்கிறார் என்று சிரிப்பார்கள். சிரிக்கட்டும் என்று விட்டேன். மருத்துவர் சொன்னது எச்சிலை அல்ல, இருமலை. எனக்கு எச்சில் என்று சொல்வதுதான் சுலபமாக இருந்தது.

அந்த அம்மா பிறகு குயின்ஸ்டவுன் பக்கம் அடுக்குமாடி வீடொன்றுக்குக் குடிபோனதாகக் கேள்விப்பட்டேன். முகவரி கேட்டு வாங்கினேன். போகவில்லை. தேக்காச் சந்தையில் ஒருமுறை தூரத்திலிருந்தே என்னைப் பார்த்துவிட்டார். மீன்கடை ஈரத்தில் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார்.

"இருமல் ஒண்ணும் இல்லையே சார் இப்ப?"

"இல்லம்மா."

"அது போதும்," என்றார். அவர் முகம் மலர்ந்திருந்தது. அவர் மகன் செய்யாத ஒன்றுக்கு நான் கொடுத்த மன்னிப்பை அவர் அந்த முகத்தில் வைத்திருந்தார். அதை எடுத்துவிட எனக்கு உரிமை இல்லை என்று அன்று எண்ணிக்கொண்டேன். உண்மை அதுவல்ல. எனக்குப் பயமாக இருந்தது. அவர் இப்போது இல்லை. நான் இருக்கிறேன். நெஞ்சில் பழைய தழும்பு இருக்கிறது, படம் எடுக்கும்போதெல்லாம் தெரிகிறது. இது எப்போது வந்தது என்று இளம் மருத்துவர்கள் கேட்கும்போது, அவனுக்கு முன்பே என்று சொல்கிறேன். அவன் யார் என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை.