ஜோஷ்வா அடக்கிய மூச்சு

பழனிசெட்டிபட்டியில் ஜாய்ஸ் அம்மாள் வீட்டு ஷோகேஸில் ஒரு பித்தளைக் கோப்பை இருக்கிறது. சுருளிப்பட்டித் தோட்டக் கிணற்றில் மூச்சடக்கும் பந்தயம் வைத்தபோது மூத்த மகன் ஜோஷ்வா ஜெயித்தது. அவன் போன பிறகும் அதைத் துடைத்து வைப்பவள் அவன் மனைவி யுவராணிதான்.

போடியில் பிறந்த யுவராணிக்குத் தண்ணீர் என்றாலே பயம். கல்யாணமான புதிதில் அந்தமானுக்குக் கூட்டிப்போன கணவன், மீன்களைக் கிட்டப் போய்ப் பார்க்கலாம் என்று ஆசை காட்டி, முதுகில் காற்று சிலிண்டரோடு கடலடியில் நீந்தப் பழக்கும் ஸ்கூபா வகுப்பில் இருவரையும் சேர்த்தான். நாலு நாள் வகுப்பு. முடித்தால் கையில் சான்று அட்டை.

முதல் நாளே ஜோஷ்வா பயிற்சி நீச்சல் குளத்துக்குள் பாய்ந்து தரையைத் தொட்டு வந்தான். பயிற்சியாளர் கைதட்டினார். அதோடு அவனைப் பற்றிய கவலையை விட்டுவிட்டு, அழுதுகொண்டிருந்த யுவராணியின் பக்கத்திலேயே நின்றார்.

"மூச்சை மட்டும் அடக்கக் கூடாதும்மா. அடியில இழுத்த காத்து மேல வர வர விரியும், நுரையீரல் பலூன் மாதிரி கிழிஞ்சிரும். ஊதிக்கிட்டே வா."

அவளைத் திரும்பத் திரும்ப ஊத வைத்தார். ஜோஷ்வா கரையில் உட்கார்ந்து கேலி செய்தான்.

"ஏத்தா, மூச்சு விடுறதுக்கா உனக்கு ட்யூஷன்?"

பயிற்சியாளர் சொன்னதை அவனும் கேட்டான்தான். எழுத்துத் தேர்வில் சரியாகவே எழுதினான். ஆனால் அவன் உடம்புக்குத் தெரிந்தது கிணறு மட்டும்தான்.

கடைசி நாள், கடலுக்கடியில் யாரோ ஒருவரின் கால் பட்டு அவன் முகக்கண்ணாடி கழன்றது. மூக்கில் உப்புத் தண்ணீர் ஏறியது. முதுகில் சிலிண்டர் நிறையக் காற்று இருந்தது. ஆனாலும் மூச்சை அடக்கி, வாயை இறுக்கி மூடிக்கொண்டு, கிணற்றில் எம்புவதுபோல் மேலே எம்பினான். யுவராணி எட்டிப் பிடித்த கால் வழுக்கிப் போனது. அவளோ அழுதபடி, ஊதியபடி, மெல்ல மெல்ல மேலே வந்தாள். படகில் அவன் வாயோரம் ரத்த நுரை. ஒரு தரம் அவளைப் பார்த்தான். அவ்வளவுதான், அந்தக் கண்கள் அப்படியே நின்றுவிட்டன.

துக்க வீட்டில் ஜாய்ஸ் அம்மாள் மருமகளின் தோளைப் பிடித்து உலுக்கினார்.

"மீனாட்டம் நீந்துற எம்புள்ள போயிட்டான். நீச்சலே தெரியாத நீ எப்படித்தா வந்த? உன்னையக் காப்பாத்தப் போயித்தான் போயிட்டானா?"

யுவராணி ஆமாம் என்று தலையாட்டினாள். அவன் கோப்பை ஜெயித்த பந்தயத்தில் கிணற்று மேட்டில் நின்று, "இன்னும் அடக்குய்யா, இன்னும் அடக்கு" என்று கத்தியவர் அந்தத் தாய்தான். உண்மையை அவர் தாங்கமாட்டார் என்று அந்தப் பழியைச் சுமந்துகொண்டாள்.

வருஷ நினைவு ஜெபம் நெருங்கிய சமயம், இளையவன் ஸ்டான்லி சிரித்துக்கொண்டே வந்தான்.

"மதினி, அண்ணன் படிச்ச கோர்ஸ்ல நானும் சேரப்போறேன். கிணத்துல நீந்துன நமக்கெல்லாம் எதுக்கு நாலு நாள்? மொத நாளே கார்டு குடுத்துருவாக."

"போயிட்டு வாய்யா. உன் காலைக் கட்டிக்கிட்டு அழ அங்கன யாரும் இல்ல" என்றார் ஜாய்ஸ் அம்மாள், மருமகளைப் பார்த்தபடி.

யுவராணி துடைத்துக்கொண்டிருந்த கோப்பை கீழே விழுந்தது.

"அத்தை, அவுக என்னையக் காப்பாத்தப் போயிச் சாகல. மூச்சை அடக்குனாக. அதுதான் கொன்னுருச்சு."

"மூச்சடக்க எம்புள்ளைக்குச் சொல்லித் தரணுமா? நான்தான கிணத்து மேட்டுல நின்னு..."

அவர் பார்வை கீழே கிடந்த கோப்பைமேல் போனது.

"கிணத்துல மேல இழுத்த மூச்சோட உள்ள போறோம் அத்தை. அங்கன கடலுக்கு அடியிலயே சிலிண்டர் காத்தை இழுக்குறோம். அடக்குனா நுரையீரலக் கிழிச்சிரும்."

ஜாய்ஸ் அம்மாள் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"அவனுக்கு அதச் சொல்லிக் குடுக்கலையா?"

"சொன்னாக அத்தை. ஆனா எனக்கு மட்டும்தான் பழக்கி விட்டாக. அவுகளுக்கு நல்லா நீந்தத் தெரியுதேன்னு விட்டுட்டாக. எனக்குக் குடுத்த நேரத்துல பாதிய அவுகளுக்குக் குடுத்திருந்தா..."

ஸ்டான்லி வாசற்படியில் முகத்தைப் பொத்திக்கொண்டு நின்றான்.

"நான் போகலம்மா" என்றான்.

ஜாய்ஸ் அம்மாள் மருமகளின் கையைத் தேடிப் பிடித்தார்.

"எப்படித்தா ஊதச் சொன்னாக? எனக்கு ஒரு தடவ காட்டு."

யுவராணி உதட்டைக் குவித்து ஊதினாள். மூச்சு பாதியில் விம்மலாக உடைந்தது.

"நிப்பாட்டாதத்தா" என்றார் மாமியார். "விட்டுரு... எல்லாத்தையும் வெளிய விட்டுரு."