மேடையில் என் மனைவி

இலவசத்தைத் திட்டுவதில் நான் யாருக்கும் இளைத்தவன் இல்லை. சங்கரன்கோவில் பஜாரில் உரக்கடை வைத்திருக்கிறேன். உழைக்காமல் உண்பவனைக் கண்டாலே எனக்கு ஆகாது. அதனால்தான் எங்கள் பகுதிக் கட்சித் தலைவர் ஒருவரைப் பிடித்திருந்தது. வைத்தியம் அவரவர் குடும்பத்தின் பாடு, சர்க்கார் அதில் தலையிடக் கூடாது, வேண்டுமானால் இன்சூரன்ஸ் கட்டிக்கொள்ளட்டும் என்பார். நானும் தலையாட்டிக் கேட்பேன்.

என் மனைவிக்குச் சிறுநீரகம் இரண்டும் கெட்ட பிறகு அந்தத் தலையாட்டல் குறைந்தது. டயாலிசிஸுக்காக வாரம் மூன்று முறை திருநெல்வேலி போய் வருகிறோம். போகும்போது தானாகப் பஸ் ஏறுபவளை, திரும்பும்போது நான் தாங்கித்தான் இறக்க வேண்டும். தேர்தலில் நின்ற தலைவர் ஓட்டுக் கேட்டுக் கடைக்கு வந்தபோது எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன், திருவேங்கடம் பக்கம் இருந்த நிலத்தை விற்றது உட்பட. மனிதர் கண் கலங்கினார்.

"அண்ணாச்சி, கொள்கை வேற, உசுரு வேற. நம்ம ஊரு ஆஸ்பத்திரிக்கு அந்த மெஷினக் கொண்டு வாரது எம் பொறுப்பு."

அந்த ஒரு வார்த்தைக்காக மேலநீலிதநல்லூர் வரை வெயிலில் அலைந்து ஓட்டுக் கேட்டேன். போன வீட்டிலெல்லாம் மெஷின் வரும் என்று சொன்னேன். அவர் ஜெயித்தார்.

நன்றி அறிவிப்புக் கூட்டத்துக்கு மனைவியும் ஆசையாக வந்தாள். முன்வரிசையில் உட்கார வைத்தார்கள். தலைவர் மைக்கைப் பிடித்ததும் அவளைத்தான் காட்டினார்.

"இந்த அம்மாவப் பாருங்க. ரெண்டு கிட்னியும் போச்சி. நிலத்த வித்து வைத்தியம் பாக்காவ. சர்க்காருகிட்ட கையேந்துனாவளா? இதுல்லா மானமுள்ள குடும்பம்! இவுகளே வேண்டாம்னு இருக்கும்போது, ஊருக்கு எதுக்கு ஓசி மெஷின்?"

கூட்டம் கைதட்டியது. அவளை மேடையேற்றிப் பொன்னாடை போர்த்தினார்கள். ஊசி குத்திக் குத்திப் புடைத்த இடது கை அதற்குள் மறைந்துபோனது. நம்பவைத்துக் கழுத்தறுப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். அறுக்கிற கழுத்துக்குப் பொன்னாடையும் போர்த்துவார்கள் என்பது அன்றுதான் தெரிந்தது.

மேடையை விட்டு இறங்கியவரை மறித்து, மெஷின் என்ன ஆச்சு என்று கேட்டேன்.

"உங்களப் போயி ஓசி கேக்குத ஆளா நெனப்பேனா, அண்ணாச்சி?" தோளைத் தட்டிவிட்டுக் காரில் ஏறினார்.

மறுநாள் காலை திருநெல்வேலி பஸ்ஸில், அதே டயாலிசிஸுக்கு எங்களோடு வழக்கமாக வரும் விசைத்தறிக்காரர் இருந்தார். விற்பதற்கு அவரிடம் நிலம் எதுவும் கிடையாது. பஸ் ஏறியதுமே "தாயீ, ராத்திரி தூங்குனியா?" என்று விசாரிப்பவர், அன்று ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார். கூட்டத்து வீடியோ அதற்குள் எல்லார் போனுக்கும் போயிருந்தது. பாதி தூரம் போன பிறகுதான் திரும்பினார்.

"மெஷின் வேண்டாம்னு நீங்கதான் சொன்னியளாமே, தாயீ?"

கோபமாகக்கூட அவர் கேட்கவில்லை. நோய் இன்னது என்று டாக்டர் சொன்ன அன்றுகூட அழாதவள், பஸ்ஸில் எல்லாரும் பார்க்க அழுதாள்.